அகபாவுக்கு எந்த மாதம் வரலாம்?

"உங்க ஊருக்கு எந்த மாசம் வந்தா நல்லாயிருக்கும்?"

அகபா கடற்கரை ஹோட்டலின் முன்பதிவு மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சமீஹாவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஜெர்மனிக்காரன் கேட்டால் மன்னித்துவிடலாம். பனியில் பிறந்து வெயிலைப் படத்தில் பார்த்து வளர்ந்தவன். ஜோர்டானின் தலைநகரமான அம்மானில் இருக்கிறவர்கள் கேட்கும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு மணி நேரம் காரோட்டினால் வந்துவிடுகிற ஊர். ஒரே நாடு, ஒரே ரொட்டி. ஆனாலும் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு, தெர்மாமீட்டரை வாயில் வைத்தபடியே பிறந்தவர்கள் மாதிரி, "ஜூன்ல சூடா இருக்குமா?" என்று கேட்பார்கள். பாலைவனம் வந்து கடலில் காலை நனைக்கிற இடத்தில் ஜூன் மாதம் சூடாக இல்லாமல் ஆலங்கட்டியா விழும்?

வேலை என்று வந்துவிட்டால் கோபத்தைக் காட்ட முடியாதே. அதற்கென்றே ஒரு வாக்கியத்தைத் தேன் தடவி வைத்திருந்தாள். "எல்லா மாசமும் நல்லாத்தான் இருக்கும் சார்." அதற்கு இரண்டு வால் உண்டு. ஆள் பரவாயில்லை என்று தோன்றினால், "ரூம் போட்டுடட்டுமா?" ஆளைப் பிடிக்கவில்லை என்றால், "ஆனா ரூம் காலி இல்லை." இரண்டாவது வாலை மாட்டிய எத்தனையோ நாட்களில் ஹோட்டல் பாதி காலியாகத்தான் கிடந்திருக்கிறது.

ரம்ஸியும் அந்தக் கேள்வியோடுதான் அவள் வாழ்க்கைக்குள் வந்தான். அம்மானில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர். நிறுவனத்தின் வருடாந்திரக் கூட்டத்துக்கு அறைகள் கேட்டுப் போன் செய்தவன், அவளுடைய தேன் வாக்கியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"பொய் சொல்றீங்கன்னு உங்க குரலே காட்டிக் குடுக்குது. ஆகஸ்ட்ல வந்தா எப்படி?"

"ஆகஸ்ட்ல வந்தீங்கன்னா உங்களைத் துணி வச்சுத் தொடைச்சுத்தான் எடுக்கணும்."

வேலைக்குச் சேர்ந்தபின் ஒரு வாடிக்கையாளரிடம் அவள் சொன்ன முதல் உண்மை அது. அவன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தாள். கூட்டத்துக்கு வந்தான், நேரில் பார்த்தார்கள், பிறகு தினமும் போன். மற்ற பெண்கள் காதலனுக்குக் கவிதை அனுப்புவார்கள். சமீஹா வெப்பநிலை அனுப்பினாள். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு என்றெல்லாம் கேட்பான். அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கண் தெரியாமல் போகாது என்று யார் சொன்னது?

கட்டிக்கொள்வது என்று முடிவானதும் அடுத்தது ஜாஹா. போனில் எத்தனை கொஞ்சினாலும், மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பெரிய மனிதர் ஒருவரை முன்னால் விட்டுக் கூட்டமாக வந்து, பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. அம்மானில் அந்தப் பெரிய மனிதர் முன்னாள் அமைச்சராக இருப்பது இப்போதைய மோஸ்தர். ரம்ஸியின் தாய் உம்மு ரம்ஸியும் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தாள். அவர் பதவியில் இருந்தது ஒரு மழைக்காலம்கூட முழுசாக இல்லை. ஆனாலும் சாகும்வரை அவர் 'மாண்புமிகு'தான்.

சமீஹாவின் வாப்பா அபூ தலால், அடியில் கண்ணாடி பதித்த படகில் பயணிகளை ஏற்றிப் பவளப்பாறை காட்டுகிறவர். "ஜூலைல வரட்டும், படகு வேலை கம்மி, நான் வீட்ல இருப்பேன்" என்றார். நியாயமான பேச்சு. உம்மு ரம்ஸி சமீஹாவுக்கே போன் போட்டாள். அம்மான் பேச்சு, வெண்ணெய் தடவினது.

"ஜூலையா? ஐயோ, என் கண்ணே! எங்க மாண்புமிகுவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. அந்த வெயில்ல அவர் விழுந்து கிழுந்து வச்சா? கொஞ்சம் தணியட்டுமே."

தணிந்தது. அக்டோபர் வந்தது. ஊரில் ஆலிவ் பறிக்கிற சமயம், ஆண்பிள்ளை ஒருத்தனும் அசையமாட்டான் என்றார்கள். ஜனவரியில் வடக்குக் காற்று உம்மு ரம்ஸியின் மூக்கடைப்புக்கு ஆகாது. மார்ச், ஏப்ரலில் கமாஸீன் தூசிக்காற்று அடிக்குமாம், கார் பாழாகுமாம். மே மாதம் எவனோ இணையத்தில் கடலில் ஜெல்லிமீன் வந்திருப்பதாக எழுதியிருந்தான். பெண் கேட்க வருகிறவர்களுக்கும் ஜெல்லிமீனுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதற்கு ரம்ஸி, "அம்மா பயப்படுறாங்க" என்றான். அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஜூலையில் வந்து நின்றது.

அபூ தலால் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். அன்று சாப்பாட்டில் உட்கார்ந்தவர், மீன் சோற்றில் கை வைக்காமல் மகளைப் பார்த்தார்.

"ஏன்டி, இவங்க பொண்ணு கேக்க வர்றாங்களா, துண்டு விரிச்சுப் படுக்க வர்றாங்களா?"

"வாப்பா..."

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். உங்க உம்மாவக் கேக்க எங்கப்பா மாஆன்லேர்ந்து நடு ஆகஸ்ட்ல லாரியில வந்தாரு. மேல தார்ப்பாய்கூடக் கிடையாது. வந்து எறங்குனப்போ அவரு மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி இருந்துச்சாம். கேட்டுட்டுத்தான் போனாரு."

"அந்த மூஞ்சியப் பாத்துட்டும் எங்க வீட்ல குடுத்தாங்களே, அதச் சொல்லுங்க" என்றாள் உம்மா அடுப்படியிலிருந்து.

சமீஹா சிரிக்கவில்லை. ஒரு வருடமாக ரம்ஸிக்காக வாப்பாவிடம் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாரு. ஒரு நாளச் சொல்லு. நீயே சொல்லு. உனக்குத்தான் இந்த ஊரு வெயிலு, காத்து எல்லாம் மனப்பாடமாச்சே. அன்னைக்கு வந்தா உண்டு. வரலைன்னா இந்தப் பேச்சு இந்த வீட்ல இனி கெடையாது."

இப்படித்தான் சமீஹா தன் கல்யாணத்துக்கான பருவத்தைத் தானே தேடும்படி ஆனது. தேடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நவம்பர் கடைசி வெள்ளி. வெயில் தொட்டும் தொடாமலும் இருக்கும், காற்று அடங்கியிருக்கும், தூசி இருக்காது, ஆலிவ் எல்லாம் செக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "இந்த வெள்ளிக்கிழமையில குறை கண்டுபிடிச்சா நான் இத்தனை வருஷம் இந்த மேசையில உக்காந்தது வேஸ்ட்டு" என்று ரம்ஸியிடம் சொன்னாள். உம்மு ரம்ஸி மூன்று இடத்தில் விசாரித்துவிட்டுச் சம்மதித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, சொன்னபடியே, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விடிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அவளுக்கு நல்ல நாள் என்றால் அம்மான் முழுக்கவும் அதுதானே நல்ல நாள்? குடும்பம் குடும்பமாக, கூரைமேல் நாற்காலியும் ஹூக்காவும் கட்டிக்கொண்டு, தலைநகரமே பாலைவன நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டது. ஹோட்டலில் ஒரு அறை பாக்கியில்லை என்பதை அவளே முந்தின நாள் தன் கையால் பதிவு செய்திருந்தாள். அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வருவதாகப் பேச்சு. வாசலில் பந்தல் போட்டு, இரண்டு வரிசை நாற்காலி எதிரெதிரே. ஒரு வரிசையில் வாப்பாவின் ஆட்கள், துறைமுகத்துக்காரர்களும் படகுக்காரர்களும், இஸ்திரி போட்ட அங்கியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசை காலி. அண்ணன் தலால் கசப்புக் காபிக் குடுவையோடு நின்றான். உள்ளே அடுக்களையில் பெரிய தட்டு நிறைய குனாஃபா இனிப்பு தயாராக இருந்தது. பெண்ணைக் கொடுத்தோம் என்று வாப்பா வாயால் சொன்னபிறகுதான் அது வெளியே போகும்.

ரம்ஸி வாப்பாவுக்கு முதல் போன் போட்டான். "மாமா, ஊருக்கு வெளிய யுதும் சோதனைச்சாவடியில மாட்டிக்கிட்டோம். வண்டி நகர மாட்டேங்குது."

"சரிப்பா, மெதுவா வாங்க."

வெகுநேரம் கழித்து இரண்டாவது போன். "ஊருக்குள்ள வந்துட்டோம் மாமா. பத்து நிமிஷம்."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் போயிற்று. இன்னும் ஒரு பத்து. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர்களுக்குத் தொண்டை வறண்டு, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். சூரியன் எதிர்க்கரை மலைக்குப் பின்னால் இறங்கியது. மக்ரிப் பாங்கு சொல்லி, பந்தலிலேயே தொழுதும் முடித்தார்கள். அப்புறமும் யாரும் வரவில்லை.

"அம்மான்ல பத்து நிமிஷத்துக்கு எத்தன நிமிஷம்?" என்றார் ஒரு படகுக்காரர்.

"அது குளிர்காலமா, வெயில்காலமாங்கிறதப் பொறுத்தது" என்றார் இன்னொருவர். வரிசை முழுவதும் சிரித்தது. அபூ தலால் மட்டும் சிரிக்கவில்லை. தன் மகளைப் பற்றிய சிரிப்பு என்பது அவருக்குத் தெரியும். அடுக்களை ஜன்னலில் நின்ற சமீஹாவுக்கும் தெரியும். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு எரிந்தது.

கடைசியில் கார்கள் வந்தன. ஆண்கள் பந்தலுக்குள் போனார்கள். உம்மு ரம்ஸி வாசனைத் திரவியத்தோடு பெண்கள் பக்கம் நுழைந்து, சமீஹாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"உங்க ஊர் சூரிய அஸ்தமனம் இருக்கே, அடடா! இவ்வளவு தூரம் வந்துட்டு கடலைப் பார்க்காம எப்படிப் போறதுன்னு சும்மா கொஞ்சம் நின்னோம். ரம்ஸி ஷூவைக் கழட்டிட்டு காலை நனைச்சான். குழந்தைதான் இன்னும்!"

உம்மா மகளைப் பார்த்தாள். சமீஹா திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். ரம்ஸியின் கால்சட்டை விளிம்பு கணுக்கால்வரை ஈரமாக, மணல் ஒட்டிக்கிடந்தது. மாண்புமிகுவின் பளபளப்பான ஷூவிலும் மணல். வாப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கிழட்டு நண்பர்களோடு தொண்டை வறள அவர் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இவன் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்திருக்கிறான். சமீஹாவுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அறுந்தது. அப்போதும் அவள் அதை முடிச்சுப்போடத்தான் பார்த்தாள். கேட்கட்டும், கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

காபி வந்தது. இதில் விளையாட்டே கிடையாது. முதல் கோப்பை வந்தவர்களின் தலைவருக்கு. அவர் அதை வாங்கிக் குடிக்காமல் எதிரே வைத்துவிட வேண்டும். 'எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அது நிறைவேறினால்தான் குடிப்போம்' என்று சொல்ல வேண்டும். பெண்ணின் தகப்பன், 'குடியுங்கள், கேட்டது கிடைத்தது' என்பார். அதற்குப் பிறகுதான் உதடு கோப்பையைத் தொடலாம். கேட்காமல் குடித்தால், எனக்கு இந்த வீட்டில் கேட்க ஒன்றுமில்லை என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

மாண்புமிகுவுக்குத் தெரியாதா? வாரத்துக்கு ஒரு ஜாஹா போய் வயிறு வளர்க்கிறவர். ஆனால் நெடுஞ்சாலை முழுக்க, அம்மான்காரர்களின் வழக்கப்படி, உப்புப்போட்டு வறுத்த தர்பூசணி விதையைப் பை பையாகக் கொறித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குமேல் கடற்கரையில் உலாவல். எதிரே தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் காலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தலால் நீட்டிய கோப்பையை வாங்கினார். ஒரே மடக்கு. குடித்ததோடு விட்டாரா, இன்னும் ஊற்று என்று கோப்பையை நீட்டினார்.

தலால் குடுவையைப் பிடித்தபடி வாப்பாவைப் பார்த்தான்.

"வேலை முடிஞ்சுதுபோல" என்றார் அந்தப் படகுக்காரர். "எந்திரிக்கலாமா?"

மாண்புமிகுவுக்கு அப்போதுதான் விளங்கியது. கோப்பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அமைச்சராக இருந்தபோது ஏதாவது தப்பு நடந்தால் என்ன செய்தாரோ அதையே செய்தார். "காபி ரொம்பப் பிரமாதம்" என்றார்.

யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அபூ தலால் கையை உயர்த்தி அடக்கினார். எழுந்து அடுக்களை ஜன்னலை ஒருமுறை பார்த்தார். மகள் முகத்தில் என்ன கண்டாரோ, தலாலின் கையிலிருந்து குடுவையைத் தானே வாங்கினார். புதுக் கோப்பையில் ஊற்றி, நேராக ரம்ஸியின் முன்னால் போய் நின்றார்.

"மாண்புமிகுவுக்குத் தாகம். போகட்டும், மனுஷன்தானே. தம்பி, உனக்கு வாய் இருக்கு. எங்கப்பன் காலத்துல இப்படிக் கெடையாது, ஆனா பரவாயில்ல, நீயே கேளு. நான் கேக்கத் தயாரா இருக்கேன்."

துறைமுகத்துக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பன் குடுவை தூக்கி மாப்பிள்ளைப் பையனுக்கு ஊற்றுவதை அந்தத் தெரு கண்டதில்லை. ஒரு வருடமாக நக்கல் பண்ணிக்கொண்டிருந்த வாப்பா, அவ்வளவு பேர் முன்னால் தன் மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவளுக்காக நிற்கிறார். அந்த நிமிடத்தில் ரம்ஸியைவிட வாப்பாவைத்தான் அவளுக்கு நினைக்கத் தோன்றியது.

ஒரே ஒரு வாக்கியம். உங்க பொண்ணைக் குடுங்க. கேட்டிருந்தால் அவர் அந்த இடத்திலேயே கொடுத்திருப்பார்.

ரம்ஸி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்துக் கதவைப் பார்த்தான். உம்மு ரம்ஸி அங்கே வந்து நின்றிருந்தாள்.

"இப்படி அரைகுறையாவா கண்ணே? ஆரம்பமே சரியில்லையே. எல்லாரும் அலுத்துப் போயிருக்காங்க. இன்னொரு நல்ல நாளாப் பார்த்து, முறையா வந்து கேட்போமே."

"ஆமா மாமா" என்றான் ரம்ஸி. அவன் குரலில் நிம்மதிதான் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க முறையாவே இன்னொரு தடவை வர்றோம். டிசம்பர்ல குளிரு. மார்ச்சுல..." புருவத்தைச் சுருக்கினான். தூசிக்காற்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் அவள் இருப்பது அவனுக்குத் தெரியும். இத்தனை நாள் கேட்ட பழக்கத்தில், கொஞ்சமும் கூசாமல், அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"சமீஹா, மார்ச்சுல எப்படி இருக்கும்?"

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்தான்.

இவனுக்காகவா ஒரு வருடம் வாப்பாவிடம் பொய் சொன்னோம் என்று சமீஹாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஜன்னல் கதவை முழுசாகத் திறந்தாள். பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. முன்பதிவு மேசையில் தினமும் பேசுகிற அதே குரலில், தேன் சொட்டச் சொன்னாள்:

"எல்லா மாசமும் நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா ரூம் காலி இல்லை."

ரம்ஸி சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு வரவில்லை. உம்மு ரம்ஸி, "என்ன சொல்றா இவ?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். மாண்புமிகு முதல் ஆளாக எழுந்து காரைப் பார்த்து நடந்தார். இந்த மாதிரிச் சமயங்களில் முதலில் எழுந்துகொள்வதில் அவருக்கு அனுபவம் இருந்தது. மற்றவர்களும் அங்கியைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். நாற்காலிக்கடியில் ரம்ஸியின் மணல் கொஞ்சம் கிடந்தது.

கார்கள் தெருமுனை திரும்பும்வரை அபூ தலால் நின்றார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"குனாஃபா ஆறுது, கொண்டாங்கடி. நம்ம ஆளுங்க பசியோட இருக்காங்க."

"குடுத்தாத்தானேங்க குனாஃபா?" என்றாள் உம்மா.

"குடுக்காம தப்பிச்சதுக்குத்தான் ரெண்டு துண்டு சேத்து வைக்கணும்."

சமீஹாவே தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போனாள். படகுக்காரர் காலியாக இருந்த எதிர் வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். வெயில் இல்லை, தூசி இல்லை, காற்று இதமாக வீசிக்கொண்டிருந்தது. அந்த வருடத்திலேயே அகபாவுக்கு வர அதைவிட நல்ல சாயங்காலம் அமையவில்லை.